இரண்டாவது டிஸ்க்

கொள்முதல் நடைமுறையில் ஒரு விதி உண்டு. வாங்கப்படும் பொருளால் சொந்த ஆதாயம் அடையக்கூடியவர், அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காரக் கூடாது. நான் ராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். மற்றவர்கள் வேலையில் காலூன்றும் வயதில் ஓய்வூதியப் புத்தகத்தோடு பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பதினேழு ஆண்டுகளில், இந்த ஒரு விதியைக் காட்டி, தோளில் நட்சத்திரம் குத்தியவர்களின் கோப்புகளையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி எதற்கு என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வயதில், தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், அதை நானே மீறியிருந்தேன்.

வாங்கப் போனவர் சித்தப்பா. ஊரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு லாரி ஓட்டினார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து, தொடையில் கம்பி வைத்துக்கொண்டு வீடு வந்த பிறகு, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சித்தியின் தலையில் கைவைத்துச் சொன்னார். சித்தி தன் பங்குக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். கேமரா வந்தது.

கேமரா மட்டும் போதாது. எடுத்த டேப்பை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாலை மாற்றும்போது மேலிருந்து பூ விழச் செய்தால்தான் அது கல்யாண வீடியோ. அந்த வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். தருமபுரியில் ஒருவரிடம் டேப்பைக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கை ஒழியும்வரை காத்திருக்க வேண்டும். சில நேரம் கல்யாண வீடியோ வருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பு முடிந்துவிடும். "ஏங்க, பேத்திக்குப் பேரு வெக்கிறதுக்குள்ளயாவது வந்துருமுங்களா?" என்று ஒரு மாமனார் சந்தையில் நாலு பேர் முன்னால் கேட்டார். அந்த நாலு பேரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லையென்றால் இந்தத் தொழில் நிலைக்காது. சித்தப்பாவுக்குத் தெரிந்த இன்னொரு தொழில் ஒன்றே ஒன்றுதான்.

ஆனியில் ஐந்து கல்யாணம் எடுத்திருந்தார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதத்தில் ஐந்தையும் முடித்துக் கொடுத்துவிட்டால் ஆவணிக்கு ஆட்கள் தேடி வருவார்கள். திட்டத்தில் பிழையில்லை. ஆனால் ஆடியில் புதுப்பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. ஆகவே ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமையன்று, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள், ஒரு கம்ப்யூட்டருக்குப் பில் போட்டாக வேண்டும் என்று முடிவானது.

மிக்ஸிங்காரர் நேர்மையானவர். தன் வாடிக்கையில் ஒன்று குறையும் என்று தெரிந்தும், ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஒரு மணி நேர டேப்பு உள்ள ஏறுனா பதிமூணு ஜிபி சாப்புடும்ணா. டிஸ்க்கு ரெண்டாப் போடுங்க. மெமரி கூடப் போடுங்க. மானிட்டரு பழசா இருந்தாலும் உங்க கல்யாணம் ஒண்ணும் நின்னு போவாது. பெட்டி அழகப் பாத்து மட்டும் ஏமாந்துராதீங்க."

ராணுவக் கொள்முதலில் இதைவிடத் தெளிவான தொழில்நுட்பக் குறிப்பு எதையும் நான் கண்டதில்லை.

அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு நிபுணர் தேவைப்பட்டார். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை இருந்ததால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு இயந்திரத்துக்கு மூன்று பேர் என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடை திறக்கும்போதே மணி பத்தாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. எங்களிடம் இருந்த தொகைக்குக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று பழுப்பேறிய கேபினெட், அதற்குப் பொருத்தமாகக் கன்னம் உப்பிய பழைய மானிட்டர். உள்ளே டிஸ்க் இரண்டு, மெமரி இரு மடங்கு. மற்றதில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக நீல விளக்கு எரிந்தது. பெரிய மானிட்டர், நெஞ்சு அதிரும் ஸ்பீக்கர், தனி கிராபிக்ஸ் கார்டு. டிஸ்க் ஒன்றுதான். அதில் ஒரு கார் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஓட்டிப் பாரு தம்பி" என்றார் கடைக்காரர். நான் ஓட்டிய சிவப்புக் கார் பாலத்திலிருந்து தலைகுப்புற விழுந்தது. மூன்று நொடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் மறுபடி சாலையில் நின்றது.

"சாமி, மணி பத்தே காலாயிருச்சு. எதுடா?"

"இதுதாங்க சித்தப்பா. கிராபிக்ஸ் கார்டு இருக்குது. பூவெல்லாம் சூப்பரா உழும்."

"அட்டையில ரெண்டு டிஸ்க்குன்னு எழுதியிருக்குதே?"

"அது பழைய மாடலுக்குங்க. இதுல ஒண்ணே போதும்."

வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக நான் வேறெதையும் சொன்னதில்லை. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா கடிகாரத்தைக் காட்டினார். பத்து இருபத்தெட்டுக்குப் பில் போடப்பட்டது.

வீட்டில் சித்தி கேபினெட்டுக்குக் குங்குமம் வைத்தார். முதல் கல்யாணத்தின் மூன்றாவது டேப் ஏறிக்கொண்டிருந்தபோது, சரியாகத் தாலியைக் கையில் எடுக்கும் இடத்தில், திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. நிபுணர் என்ற முறையில் நான்தான் படித்துச் சொன்னேன்: டிஸ்க் நிறைந்துவிட்டது. கார் விளையாட்டும் அதற்குள்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. இருந்த இடத்துக்குள் பாதிப் பாதியாக முடிக்கப் பார்த்தாலும், மெமரி போதாமல் இயந்திரம் ஒரு பாட்டு முடிவதற்குள் உறைந்து நின்றது.

"எவன் சொன்னான்னு இத எடுத்தீங்க?" என்றார் சித்தி.

சித்தப்பா என் பக்கம் திரும்பவில்லை. "நாந்தான். நீல வெளக்கு நல்லாருந்துச்சு."

"வெளக்கப் பாத்து வாங்கறதுக்கு இதென்ன கார்த்திகைங்களா?"

நான் செய்த ஒரே நல்ல காரியம், அலுவலகக் கடிதம் எழுதியது. தமிழ்ப் பாடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மாதிரி இருந்தது. ஸ்பீக்கரையும் கிராபிக்ஸ் கார்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு டிஸ்க்கும் மெமரியும் தர வேண்டும் என்று கடைக்கு எழுதினேன். காரணம் கேட்பார்களே என்று, அட்டையில் இருந்தது சரி, விளையாட்டுக்காகப் பொய் சொன்னவன் நான் என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுத மறந்தேன். இன்றைய நான் அந்த உறையைப் பார்த்திருந்தால் அனுப்புநரைக் கூப்பிட்டு நிற்க வைத்திருப்பேன்.

பத்து நாளாகியும் பதில் இல்லை. சித்தப்பா டெலிபோன் பூத்துக்குப் போய் யாரிடமோ பேசினார். மறுநாள் காலை ஒரு பையில் லுங்கியும் துண்டும் எடுத்து வைத்தார். "பெங்களூர் போறேன்டா. டிஸ்க்கோடதான் வருவேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சித்தி வழியனுப்ப வெளியே வரவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டு போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். நீல விளக்கின் மேலிருந்த கோபம் இன்னும் தணியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் பூத்திலிருந்து பேசியது பழைய லாரி முதலாளியிடம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஏழு நடை ஓட்டினார். ஒவ்வொரு நடைக்கும் தொப்பூர் ஏற்றமும் இறக்கமும் உண்டு. டிஸ்க்கோடும் மெமரியோடும் பத்திரமாகத் திரும்பி, ஆவணி பிறப்பதற்கு முன்பே ஐந்து கல்யாணத்தையும் முடித்துக் கொடுத்தார். ஸ்டுடியோ இன்றும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. வேலையில் சேரும் முன், கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்த கதையை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "நீ காரு ஓட்டுனப்ப நான் உம்பின்னாலதான்டா நின்னுட்டு இருந்தேன்" என்றார்.

கடையின் பதில் அவர் லாரியோடு வெளியே இருந்தபோது வந்தது. சித்தி எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். தபால்காரர் கொடுத்த உறையை நானே பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். கடை உரிமையாளர் தன் கையால் எழுதியிருந்தார்: பில்லோடு பொருளைக் கொண்டுவந்தால் தம்பி கேட்டபடியே அன்றே மாற்றித் தருகிறோம், கடிதம் சுற்றி வந்ததால் தாமதம், பொய்யை ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டு.

சித்தி இரண்டு முறை படித்தார். அடுப்பை அணைத்தார்.

"இத எப்படா எழுதுன?"

"ஆடி பொறந்த ரெண்டாம் நாளுங்க."

"சித்தப்பாகிட்ட ஏன்டா சொல்லல?"

அவர் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அதனால என்னங்க சித்தி, சித்தப்பா ஒண்ணு கொண்டாருவாரு, கடையில ஒண்ணு குடுப்பாங்க. நமக்கு மூணு டிஸ்க்காயிரும்."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், கரண்டியைக் கையில் வைத்தபடியே தெருவில் நின்று, சேலம் ரோடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று டிஸ்க் கிடைத்தும் ஏன் இவருக்குச் சந்தோஷமில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அன்று ஆடிப் பதினெட்டு. சித்தப்பா லாரி ஏறி ஆறாம் நாள்.