அறுப்புக்கு முந்தைய தண்ணீர்

தர்பூசணி வியாபாரத்தில் காயைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கழனி மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அறுப்பு நெருங்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் பழத்தில் இனிப்பு ஏறும். அந்த நேரத்தில் பாய்ச்சித் தள்ளினால் எடைதான் ஏறும். பழம் சப்பென்று இருக்கும், வெடிக்கவும் வெடிக்கும். வாங்கி ஏமாந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சித்திரையில் பனி

திருவாலங்காடு பக்கம் முனுசாமி என்ற விவசாயியின் கழனிக்குப் போனேன். தண்ணீரை நிறுத்தி ஒரு வாரமாகிறது என்றார். கொடியை விலக்கி விரலை விட்டால் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தேன். மோர் சொம்போடு முனுசாமி குறுக்கே வந்து நின்றார். ஈரம் எப்படி வந்தது என்று கேட்டேன். முகம் மாறாமல் பதில் வந்தது: "பனி நைனா. விடிகாத்தால நல்லா எறங்குது."

வேகத்தடை

கும்மிடிப்பூண்டிக் கடைகளுக்குச் சரக்கு போயே ஆகவேண்டும் என்பதால் அதை வாங்கித் தொலைத்தேன். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் படக் படக் என்று சத்தம். டிரைவர் பாபு முரட்டுத்தனமாக ஓட்டுகிறான் என்று சந்தேகப்பட்டேன். அவன் வண்டியை ஓரங்கட்டி, அடிபடாமலே பிளந்திருந்த பழங்களைக் காட்டினான். கடைக்காரர்கள் பாதிக்கு மேல் திருப்பிவிட்டார்கள். பாபு சொன்னான்: "அந்த ஆளு மோர் குடுக்கறப்பவே எனக்கு டவுட்டுண்ணே."

காய்ந்த கழனி

அடுத்து, பக்கத்து ஊரில் செல்வி என்பவரின் கழனி. இங்கே மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. இலைகள் சுருண்டு, வெயில் நேராகப் பட்டு, பல காய்களின் தோல் வெளுத்திருந்தது. போன தடவை ஈரத்தைக் காட்டி ஒரு வியாபாரி வேண்டாமென்று போய்விட்டாராம். அந்தப் பயத்தில் இந்தத் தடவை காய் பருக்கும்போதே தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டார்.

எதையோ மறைக்கிறார் என்றே நினைத்து ஒன்றை அறுத்துப் பார்த்தேன். சின்னப் பழம், ஆனால் அப்படி ஒரு இனிப்பு. கொடி வாடாத அளவுக்காவது விட்டிருக்கலாமே என்றேன். வெளுத்த காயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "தண்ணி வுட்டா திருட்டுன்றீங்க, வுடலன்னா சின்னதுன்றீங்க. நான் இன்னாதான் பண்றது?"

கம்பெனி வாசல்

செல்வியிடம் தேறியதையெல்லாம் எடுத்துக்கொண்டேன். சின்னப் பழத்தைக் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள் என்பதால், ஒரு கம்பெனி வாசலில் நானே கடை போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் ஒரு துண்டு தின்றார். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இவ்ளோ தித்திப்பா கீதே, இன்னா ஊசிப்பா போட்ட?"

சப்பென்ற பழம் விற்ற நாட்களில் என்னைத் திட்டியவர்கள் உண்டு, சந்தேகப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.