இருபத்து நான்காவது கயிறு

இதை நம்புவதும் நம்பாததும் வாசிப்பவர்கள் விருப்பம். நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். வட்டகொடையில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு என் தகப்பனார் மூப்பராக இருந்தார், அவருக்குப் பின் நான் இருக்கிறேன். பேய், பிசாசு என்ற பேச்சை எங்கள் வீட்டுக்குள் விட்டதில்லை. ஆனாலும் இது நடந்தது. நாளும் நேரமும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

என் தம்பி அன்டனுக்கு ஒரே பெண். ஜொய்சி. போன வருடம் தை மாதம், சுதாகரன் என்ற இந்துப் பையனோடு அவள் வீட்டை விட்டுப் போனாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அவள் பெயரை இனி யாரும் எடுக்கக்கூடாது என்று சொன்னவன் நான். அன்டன் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

அந்த வருடக் கடைசியில் பெருமழை. ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமே மண்ணுக்குள் போனது. அந்த லயத்தில் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அன்டன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவனுக்குப் பதிலாக நான் போனேன். சடலங்களை ஒரு மைதானத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பார்த்தேன். திரும்பி வந்து, நம்ம புள்ள இல்ல என்று சொன்னேன். அன்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்.

அதன்பிறகு அவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்றே வாழ்ந்தான். நல்லதண்ணிப் பக்கம் பையன்கள் கூடாரம் போட்டு வெள்ளைக்காரர்களைத் தங்கவைத்துப் பிழைக்கிறார்கள், நாமும் நம் காணியில் அப்படிச் செய்யலாம் என்று ஜொய்சி முன்பு சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த ஆடியில் அன்டன் ஹட்டன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பராசூட்டை வாங்கி வந்தான். இராணுவத்தில் கழித்துவிட்டது. கரும்பச்சை நிறம். பிரித்துப் போட்டால் வீட்டுக் கூரையை விடப் பெரிது.

"ரெண்டு பேரும் திரும்பி வந்தா பொழப்புன்னு ஒண்ணு வேணும்லண்ணே" என்றான்.

நான் துணியை மடிக்கக் குனிந்தேன்.

அவனும் அவன் மனைவி றோசலினும் மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் அதை இரண்டு நாள் அலசினார்கள். எத்தனை அலசியும் மண் வந்தது. செம்மண். கிழிசல்களுக்குக் குடைத்துணி வைத்து றோசலின் தைத்தாள். துணியின் விளிம்பைச் சுற்றி இருபத்து நான்கு காதுகள். ஒவ்வொரு காதிலும் ஒரு பச்சைக் கயிறு. இருபத்து மூன்று கயிறுகள் இற்றுப்போய்க் கையோடு வந்தன. ஒன்று மட்டும் அப்படி இல்லை. அதை யாரோ காதோடு ஒட்டக் கத்தியால் அறுத்திருந்தார்கள்.

பழைய கயிறுகளை எரித்துவிட்டுப் புது நைலோன் வாங்கினோம். வெள்ளைக் கயிறு, நடுவில் ஒரு சிவப்பு இழை ஓடும். பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக நான் அளந்தேன், அன்டன் வெட்டினான். நுனி பிரியாமல் இருக்க மெழுகுதிரியில் சுட்டோம். காதில் கோத்து இரண்டு முடிச்சு. மறு நுனி முளையில். நடுத்துணியை டர்பன்டைன் மரக்கிளையில் இழுத்துக் கட்டினால் கூடாரம் தயார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று இருபதுக்கு வெட்டி முடித்தோம். இருபத்து நான்கு. நானே எண்ணினேன்.

கட்டி முடித்தபோது ஒரு காது வெறுமையாக இருந்தது.

"கணக்கு வாத்தியாரு. இருபத்தி நாலு எண்ணத் தெரியல" என்று அன்டன் சிரித்தான். வெகு நாளைக்குப் பின் அவன் சிரித்தது அன்றுதான். இன்னொரு துண்டு வெட்டிக் கட்டினோம்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் அந்தத் துண்டைக் காணவில்லை. மற்ற இருபத்து மூன்றும் அப்படியே இருந்தன. பழைய கயிறு கத்தியால் அறுபட்டிருந்த அதே காது. குரங்கு வேலை என்று அன்டன் சொன்னான். இரண்டு முடிச்சை அவிழ்த்து, கயிற்றை எடுத்துப் போகிற குரங்கை நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொரு துண்டு வெட்டினோம். இந்தத் தடவை நானே முடிச்சைப் போட்டு இறுக்கினேன்.

வியாழக்கிழமை அதுவும் இல்லை.

காதைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் மஞ்சள் ஒட்டியது. முகர்ந்தேன். சமையல் மஞ்சள் அல்ல. பூசு மஞ்சள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பூசுவதில்லை.

அன்டனிடம் சொல்லவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அன்டன் இரும்பு முளை வாங்கத் தலவாக்கலைக்குப் போனான். றோசலின் கோயிலில். அந்தக் கடைசிக் கயிற்றை நான் கட்டிவைப்பதாகச் சொல்லியிருந்தேன். மணி மூன்று முப்பத்தைந்து. கீழே தேயிலைக்குள்ளிருந்து மூடுபனி ஏறி வந்தது. மரத்தின் உச்சி மறைந்தது. பிறகு லயம் மறைந்தது.

பராசூட்டுக்கு உள்ளே நின்று கயிற்றைக் காதில் கோத்தேன். பச்சைத் துணிக்கு உள்ளே வெளிச்சமும் பச்சையாக இருந்தது. மழை இல்லை. ஆனாலும் எங்கேயோ சொட்டியது... டொக். சற்றுப் பொறுத்து... டொக். துணி காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

முதல் முடிச்சைப் போட்டேன். மறு நுனி பின்னால் புல்லில் கிடந்தது. இரண்டாவது முடிச்சுக்குக் கயிற்றை இழுத்தேன்.

வரவில்லை.

புல்லில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

மறுபக்கமும் இழுத்தது.

மெதுவாக. முரட்டுத்தனம் இல்லாமல். சின்னப் பிள்ளை வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பது போல.

மூன்று நாற்பத்தொன்று.

திரும்பவில்லை... திரும்ப முடியவில்லை.

மஞ்சள் வாசம்.

ஈர மண் வாசம்.

என் தோளுக்குப் பக்கத்தில், தாழ்ந்த குரலில்...

"நல்லா பாத்துச் சொல்லுங்க பெரியப்பா."

கயிறு தளர்ந்தது.

அந்தச் சொற்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அன்று மைதானத்தில் துணியை விலக்கிக் காட்டிய சிங்கள அதிகாரி, தனக்குத் தெரிந்த தமிழில், "நல்லா பாத்து சொல்லுங்க ஐயா" என்று இரண்டு முறை சொன்னார். நான் நன்றாகத்தான் பார்த்தேன். முகத்தைக் கழுவி வைத்திருந்தார்கள். இடது புருவத்துக்கு மேலே, நான்கு வயதில் எங்கள் வீட்டுப் படியில் விழுந்த தழும்பு. கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் சிலுவை இல்லை. ஒரு மஞ்சள் துண்டு மட்டும் கட்டியிருந்தது. என்னோடு எங்கள் கோயில் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கொஞ்சம் பின்னால் நின்றார்கள். ஆமாம் என்று சொன்னால் அவர்கள் கிட்டே வந்து அந்தக் கயிற்றைப் பார்ப்பார்கள். நான் துணியை மூடினேன்.

அதற்குப் பின்தான், நம்ம புள்ள இல்ல என்று சொன்னேன். அங்கேயும், வீட்டிலேயும்.

அன்டன் முளைகளோடு ஐந்து மணிக்கு வந்தான். இருபத்து நான்காவது கயிறு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாத்தியார் கட்டினால் நிற்கிறது என்றான். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான், கையில் இருக்கிற முளையால் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்டான்.

"மொகத்துல அடி பட்டிருந்துச்சாண்ணே?"

"இல்லடா. தூங்குற மாதிரிதான் இருந்தா."

அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

யாரும் உரிமை கோராத சடலங்களை அங்கேயே ஒரு மேட்டில் புதைத்து, இலக்கம் எழுதிய பலகை நட்டிருந்தார்கள். சுதாகரனின் சடலம் மண்ணிலிருந்து கிடைக்கவே இல்லை என்றார்கள். நான் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். நீதிமன்ற அனுமதி கிடைக்க ஆறு வாரம் சென்றது. குழி வெட்டிய பழனியாண்டி என்பவரே தோண்டவும் வந்தார். காத்திருந்த நேரத்தில் அன்றைய கதையைச் சொன்னார். மழைக்கு மறைப்பாக மைதானத்தில் ஒரு பச்சைப் பராசூட்டைக் கட்டி, அதன் கீழேதான் எல்லோரையும் கிடத்தினார்களாம். நானும் அதன் கீழேதான் நின்றிருக்கிறேன். அன்று நான் தலை நிமிரவில்லை.

"இந்தப் புள்ளைக்குத் துணி சுத்துனோம். கட்டுறதுக்குக் கயிறு பத்தல. அந்தப் பராசூட்டுலருந்து ஒண்ண நான்தான் கத்தியால அறுத்தேன். ஆளில்லாத புள்ள, அவுந்துறக் கூடாதுன்னு மூணு முடிச்சா போட்டேங்க."

பத்து நாற்பதுக்கு மண்வெட்டி துணியில் பட்டது. பழனியாண்டி குனிந்தார். கையால் மண்ணைத் தள்ளினார். பிறகு குழிக்குள்ளேயே நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

பச்சைக் கயிறு இல்லை.

மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்று. மூன்று கயிறுகள். வெள்ளை நைலோன். நடுவில் சிவப்பு இழை. நுனிகள் மெழுகுதிரியில் சுட்டுக் கறுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு.

புதைத்த நாளிலிருந்து அந்த மண்ணை யாரும் தொடவில்லை என்று பழனியாண்டி சாமி மேல் சத்தியம் செய்தார். மேலே புல் முளைத்து வேரோடியிருந்ததை நாங்களே பார்த்தோம். நாங்கள் அந்தக் கயிற்றை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கயிறுகளை அவிழ்க்க அன்டன் விடவில்லை. அப்படியே கொண்டுவந்து வட்டகொடையில் எங்கள் தகப்பனாருக்குப் பக்கத்தில் வைத்தோம். கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றையும் யாரும் கழற்றவில்லை. கோயில் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கல்லறையிலிருந்து அன்டனும் றோசலினும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். அவர்கள் வீட்டு முற்றத்தை அடைந்தபோது ஆறு மணி பத்து நிமிடம். அவர்கள் உள்ளே போனார்கள்.

ஒரு வருடத்துக்கும் மேலாகக் கேட்காத சத்தம் கேட்டது. அன்டன் தாழ்ப்பாள் போட்டான்.

நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.