சாணிக்கு ஊற்றிய ஒரு குடம்

ஆர்.எஸ்.மங்கலத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் பிச்சையம்மாளைப் பிடிவாதக்காரி என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். இப்போதும் சொல்கிறேன், ஆனால் மரியாதையோடு.

அவள் புருஷன் வீரையாவுக்கு இளைப்பு. களத்தில் நெல் மூட்டை தூக்கிய மனுஷர், நாற்பத்தைந்து வயதில் பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுப்புப் புகையை நிறுத்தாவிட்டால் ஆள் இன்னொரு வருஷம் தாங்கமாட்டார் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பதோ ஒற்றை அறை, எரிப்பதோ சீமைக்கருவேல் விறகு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினாள். அது தொண்ணூறாம் வருஷம். எங்கோ வளைகுடாவில் சண்டை மூண்டது, எங்கள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. எவன் சண்டை போட்டாலும் ஏழை தலையில்தான் வந்து விடிகிறது.

அந்தக் கார்த்திகையில் யூனியன் ஆபீசில் சாண எரிவாயுக் கலன் கட்ட மானியம் கொடுத்தார்கள். நாலு மாடு வைத்திருந்த பிச்சையம்மாள் முதல் ஆளாக எழுதிக்கொடுத்தாள். கொல்லையில் தொட்டி கட்டியாயிற்று. சாணியையும் தண்ணீரையும் சரிபாதி கரைத்து ஊற்றினால் புளித்து வாயு வரும் என்றார்கள், ஊற்றினாள். மாதம் இரண்டாகியும் அடுப்பில் தீக்குச்சிதான் எரிந்தது. சாணியில் சோறு பொங்கப் போகிறாள் என்று தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பங்கும் உண்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்த தப்பு எங்கள் ஊரில் யார் கட்டியிருந்தாலும் நடந்திருக்கும். நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாணியில் ஊற்ற இங்கே எவருக்கும் மனசு வராது. குடிக்கவும் உலை வைக்கவும் ஊருணி, மற்றதற்கெல்லாம் உப்புக் கிணறு. அவளும் உப்புக் கிணற்றில்தான் இறைத்து ஊற்றியிருந்தாள். ஒருநாள் குழம்புக்குக் கருவாடு கழுவிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. உப்பில் போட்ட மீன் அழுகுவதில்லை. அப்புறம் உப்புத் தண்ணீரில் கரைத்த சாணி மட்டும் எப்படிப் புளிக்கும்? மூன்று நாள் தன்னந்தனியாகத் தொட்டியை வாரிக் கொட்டினாள்.

அது பங்குனி மாதம். ஊருணி வற்றத் தொடங்கி, வீட்டுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. காவலுக்கு இருந்த பூமிநாதன் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனார்.

"ஏத்தா, ஊரே நாக்கு வறண்டு கெடக்கு. நீ சாணிக்கு ஊத்தப் போறேங்கிற?"

"ரெண்டுக்கு மேல ஒரு சொட்டு கேக்கலண்ணே. என் பங்க நான் எங்கன ஊத்துனா என்ன?"

அன்றிலிருந்து ஒரு குடம் வீட்டுக்கு, ஒரு குடம் தொட்டிக்கு. நாற்பது நாள் கழித்து அவள் அடுப்பில் நீலமாகத் தீ பிடித்தது. தெருவே போய்ப் பார்த்தது. நான் இரண்டு தரம் போனேன். பாத்திரத்தின் அடியில் கரி இல்லை, கூரையில் புகை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீரையாவின் இருமல் தெருவில் கேட்காமல் போயிற்று.

ஆடியில் ஒரு மத்தியானம், தாகத்தில் அவளுடைய சொம்பை எடுத்துக் குடித்த வீரையா வாய் கரித்துத் துப்பினார். இருக்கிற ஒரு குடம் உலைக்கும் அவருக்குமே சரியாகப் போய்விடுகிறது என்று, பங்குனியிலிருந்து அவள் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். நாலு மாதம்! அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவே எனக்குக் குமட்டும்.

மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் பெண்கள் நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். ஒன்றரை மைல் தள்ளிப் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குள் ஊற்று தோண்டியிருந்தார்கள், அங்கே கட்டுப்பாடு கிடையாது. அந்தப் பாதையில் தோளில் நிறைகுடத்தோடு வீரையா வந்தார். எங்கள் பக்கத்தில் ஆண்கள் குடம் தூக்குவதில்லை. வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ஏலே வீரையா, அடுப்புக்கு நீயும் சொமக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார் பூமிநாதன்.

"அடுப்புக்கு இல்லண்ணே, அவ குடிக்க. நாளைக்கும் போவேன்."

குடத்தை இறக்காமல், எங்கேயும் நிற்காமல் நடந்துகொண்டேதான் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.