உலைக்குப் பொட்டு வைத்த வெள்ளிக்கிழமை

நாற்பது வயதுக்கு மேல் மாணவனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. பயப்படுவதில் போதுமான முன்னனுபவம் சேர்ந்திருக்கும். கிள்ளானில் இயற்பியல் வாத்தியாராக இருந்த நான், படிப்பு விடுப்பில் கோலாலம்பூர் பல்கலைக்கழகமொன்றில் மேங்கனீசு ஆக்சைடு வில்லைகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை ஏறக்குறைய சமையல்தான். பொடிகளை அரைத்து, சுட்டு, மறுபடி அரைத்து, மாத்திரை மாதிரி அழுத்தி, கடைசியாக ஒரு பகலும் இரவும் உலையில் வேகவிட வேண்டும். அந்த வில்லையைக் குளிரவைத்துக் காந்தத்தின் நடுவே பிடித்தால் அதன் மின்தடை குறைய வேண்டும். எங்கள் காந்தமோ சிறியது. நன்றாக வெந்த என் வில்லைகள் அதை மதிக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் பேராசிரியர் வந்து பார்ப்பார். தடை இறங்கினால் என் விடுப்பை நீட்டிக்கப் பரிந்துரைப்பார். இல்லையென்றால் கிள்ளானுக்குத் திரும்பி, பழையபடி ஓமின் விதி நடத்த வேண்டியதுதான்.

வெள்ளி விடிந்ததும் கடைசி வில்லையை உலையில் வைத்தேன். அன்று ஆயுத பூஜை. பூச்சோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஆய்வுக்கூட உதவியாளர், வருஷா வருஷம் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைப்பவர். “அண்ணே, என் உலையையும் சேர்த்துக்குங்க. அதுக்குத்தான் ரொம்பத் தேவை” என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, வீட்டுப் பூஜைக்காக ரயில் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வந்தால், உலைக் கதவில் மூன்று கோடு விபூதி, சந்தனம், குங்குமம். கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம். கதவைத் தொட்டுப் பார்த்தேன், சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றில் சூடாக இருந்தது கடைசி ஒன்றுதான்.

“அண்ணே, யாரு உலைய அணைச்சது?”

“நான்தான். ஓடுற மிஷினுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா வாத்தியாரே? பூஜைக்கு வச்சா அதுக்கு லீவுதானே?”

“நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் லா!”

“சாமி விஷயத்துல என்ன பேச்சுக்கு?” என்று கொண்டைக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். முழுவதையும் தின்றேன். பீதியில் எனக்குப் பசிக்கும்.

மறுபடி சுட நேரமில்லை. அரைவேக்காட்டு வில்லை சாக்பீஸ் மாதிரி கையில் உதிர்ந்தது. வெள்ளிச் சாந்தால் நான்கு கம்பிகளை ஒட்டினேன், அவசரத்தில் இரண்டு கழன்றன, மறுபடி ஒட்டினேன். திரவ நைட்ரஜனில் இறக்கி நிமிர்ந்தபோது பேராசிரியர் பின்னால் நின்றார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாண வழி. சிரிப்பதைச் செலவாகக் கருதுபவர்.

காந்தத்தின் குமிழைத் திருப்பினேன். அளவியில் எண் சரசரவென்று இறங்கியது. அணைத்தேன், ஏறியது. மறுபடி போட்டேன், மறுபடி இறங்கியது.

“என்ன காணும் இது? எப்பிடிச் செய்தனீர்?”

“கொஞ்சம் குறைவா சுட்டுப் பார்த்தேன் சார்” என்றேன், ஏதோ மாதக்கணக்கில் யோசித்தவன் போல.

அவர் விளக்கினார். நன்றாக வெந்தால் வில்லைக்குள் இருக்கும் படிக மணிகள் ஒட்டிப் பெருத்துவிடும். குறைவாக வெந்தால் மணிகள் சிறியவை, எல்லைகள் அதிகம். ஒவ்வொரு மணியின் காந்தமும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசை பார்த்து நிற்கும். எல்லை தாண்டும் எலக்ட்ரான் அங்கே திணறும். எல்லா மணிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டால் அதற்கு வழி கிடைக்கும். அதற்குச் சின்னக் காந்தமே போதும்.

“சரி. இதே மாதிரி இன்னொண்டு செய்து காட்டும். அதுக்குப் பிறகுதான் எழுதுவன். எவ்வளவு நேரம் சுட்டனீர்?”

அது எனக்கே தெரியாது. மெல்ல உதவியாளரைப் பார்த்தேன்.

“ராகு காலம் முடிஞ்ச கையோட அணைச்சேன் சார்” என்றார் அவர்.

பேராசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “வெள்ளிக்கிழமை. அப்ப பன்னிரண்டு மணி” என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே விடிகாலையில் புது வில்லையை வைத்து, பன்னிரண்டுக்கு அணைக்கப் போனேன். “இன்னிக்கு ராகு காலம் நாலரைக்குத்தான் முடியும் வாத்தியாரே” என்றார் உதவியாளர். துணிந்து அணைத்தேன். மறுநாள் எண் மறுபடியும் இறங்கியது. பேராசிரியரும் பரிந்துரையை எழுதினார்.

உலைக் கதவிலிருந்த பொட்டை மட்டும் நான் துடைக்கவில்லை. பரிசோதனையில் ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களை மாற்றக் கூடாது.