கைப்பிடி வைத்த செடிகள்

நான் போட்ட முதல் தோட்ட வரைபடம், கணக்குப் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். இன்று வீட்டுத்தோட்டங்களை வடிவமைப்பதே என் தொழில். ஆனால் அந்த முதல் வாடிக்கையாளரிடம் என் வரைபடம் எடுபடவில்லை. அவர் என் அம்மா.

நான் பிறந்ததே தம்போய் என்ற ஊரில் அப்பா வாங்கிய வரிசை வீட்டில்தான். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே நான்கு பாய் விரிக்கிற அளவு மண். நிறைய லாலான் புல். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா அதை வெட்டிச் சுத்தம் செய்தார். வேலியோரம் செம்பருத்தி, ஜன்னலடியில் மல்லிகை, மூலையில் கறிவேப்பிலை என்று வரைந்து, வண்ணமும் தீட்டிக் கொடுத்தேன். அம்மா நன்றாக இருக்கிறது என்றார். வரைந்த அதே இடங்களில் செடிகளை வைக்கவும் செய்தார். ஆனால் ஒன்றுகூட மண்ணில் இறங்கவில்லை. எல்லாம் பெயிண்ட் வாளியில், பிஸ்கட் டின்னில். கைப்பிடி இல்லாத டின்களுக்குக் கம்பி கோத்துக் கைப்பிடி கட்டினார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, பாசார் மாலாம்ல கடை போடப் போறீங்களா?"

இரவுச் சந்தையில் விற்கவா என்ற அந்தக் கேலிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை நான் முன்பே அம்மாவிடம் கேட்டிருந்தேன். "தூக்கிட்டுப் போக சுளுவா இருக்கும்லா" என்றிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று திருப்பிக் கேட்டார்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவளின் அம்மா, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், திரும்பவேயில்லை. போவதற்கு முன் தன் பொருள்களையெல்லாம் தனியாக எடுத்து வைத்தாராம். அதனால் அம்மாவைக் கண்காணித்தேன். அலமாரியில் சேலைகள் குறைகின்றனவா என்று பார்த்தேன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் அப்பா களைத்து வருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன். தெருவில் லோரி ஏதாவது நின்றால், ஓடிப் போய் வாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வேன்.

கறிவேப்பிலையை விட்டுவிட்டு அம்மா எங்கும் போகமாட்டார் என்பது மட்டும் எனக்கு உறுதி. நான் பிறப்பதற்கு முன், பெக்கோக் எஸ்டேட்டிலிருந்து வரும்போது அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது. அத்தனை வருடமும் டின்னிலேயே குட்டையாக நின்றது. ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம், டின்னைக் கவிழ்த்து, மூலையில் குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன்.

திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன். அவர் பையைக் கீழே வைக்காமலே அப்பாவைக் கூப்பிட்டார்.

"இங்கேருந்து நம்மள யாரும் போகச் சொல்லமாட்டாங்களே?"

"நம்ம வீடுலா இது. யாரு சொல்லப் போறா?" என்றார் அப்பா.

"பெக்கோக்லயும் அப்படித்தானே நெனச்சோம். போகச் சொன்னதும் பூத்துக் கெடந்ததை எல்லாம் விட்டுட்டுத்தானே வந்தோம்."

அப்பா ஒரு வாளித் தண்ணீர் பிடித்துவந்து அம்மா பக்கத்தில் வைத்தார். அம்மா குனிந்து, நான் இறுக்கியிருந்த மண்ணை விரலால் தளர்த்திவிட்டு, தண்ணீர் ஊற்றினார்.

காலி டின்னை மட்டும் எறியவில்லை. கழுவி, வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார். பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் ஓடிப் பார்ப்பது அதைத்தான். டின் அங்கே இருந்தால், அம்மா இன்னும் கிளம்பவில்லை. போக விரும்பாதவர்களும் டின்னைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பது, யாரும் ஒருமுறைகூடப் போகச் சொல்லியிராத எனக்கு அப்போது தெரியாது.