மாமா கையை நீட்டிய ஞாயிறு

எங்கள் ஆலயத்தின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கான பழைய நிகழ்ச்சித் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. "டிசம்பர், மூன்றாம் ஞாயிறு, மாலை நான்கு மணி" என்று அச்சிட்டிருக்கிறார்கள், ஆண்டைப் போடவில்லை. அன்று எடுத்த படத்தில் எனக்கு முன்பல் இரண்டும் இல்லை. அதனால் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தேன் என்று கணக்கிடுகிறேன். ஐந்தாவது பாட்டுக்கு எதிரே "தனிக்குரல்" என்று போட்டு என் பெயர் இருக்கிறது. அந்தத் தனிக்குரல் அன்று ஒலிக்கவில்லை.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் கிரேன் ஓட்டினார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அதே ஆலையில், கீழே நின்று கிரேனுக்குக் கைச்சைகை காட்டும் வேலை. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனாலோ என்னவோ, பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பும் அந்த ஆண்டு அவருக்கே வந்தது. இந்த ஆராதனை ஒழுங்காக முடிந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று ஆலயக் கமிட்டி சொல்லியிருந்தது.

நடத்துவது என்றால் என்னவென்று எனக்கு விளங்கவே இல்லை. மாமா பாடவும் இல்லை, எதையும் வாசிக்கவும் இல்லை. கைதட்டல் வந்தால் மட்டும் திரும்பி வணக்கம் சொல்வார்.

"பாட்றவங்க பாட்றாங்க, வாசிக்கிறவங்க வாசிக்கிறாங்க. இவரு நடுவுல நின்னுகினு ஈ ஓட்றாரு" என்பாள் மாமாவின் மனைவியான அத்தை.

"அந்தக் கையால ஊட்ல ஒரு சொம்பு நகருதா, கேளு" என்று அப்பாவும் சேர்ந்துகொள்வார்.

ஐந்தாவது பாட்டு வந்தது. சிறுவர்கள் முன்வரிசையில் நின்றோம். எங்கள் தலைக்கு மேலே, ஆலைக் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்து வாலிபர்கள் செய்த பெரிய நட்சத்திரம் கயிற்றில் தொங்கியது. அடுத்த வரி என்னுடையது. மாமா என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் மேலே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, அப்படியே நின்றார். ஒத்திகையில் அவர் காட்டியே இராத சைகை அது.

குழுவில் இருந்த ஆலைத் தொழிலாளிகள் பாதிச் சொல்லில் நின்றார்கள். பெண்கள் மேலும் ஓரிரு சொல் பாடித் தடுமாறினார்கள். கீபோர்டின் தாளம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் குழுவின் கடைசி வரிசையில் பாடிக்கொண்டிருந்த அப்பா பாய்ந்து வந்து எங்களையெல்லாம் சுவரோரம் தள்ளினார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். நட்சத்திரம் அசையாமல் தொங்கியது.

"இன்னா மாஸ்டர், மேல தேவதூதரு யாராச்சும் தெரியிறாரா?" என்று யாரோ கேட்க, ஆலயமே சிரித்தது.

"முடிச்சு நழுவுற மாரி இருந்திச்சி" என்றார் மாமா. நேரமாகிவிட்டதென்று பாஸ்டர் பிரசங்கத்துக்குப் போய்விட்டார். என் வரி போயே போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் அப்பாவிடம் அழுதுகொண்டே கேட்டேன்: "மாமா கைய நீட்னா நீங்க எல்லாம் ஏன்பா நிறுத்தனீங்க?"

"அது ஸ்டாப் சிக்னலு. யாரு காட்னாலும் நிறுத்தணும். ஏன்னு அப்பால கேக்கலாம்."

"அப்பால கேட்டியா?"

அப்பா என் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தார்.

ஜனவரியில் கமிட்டி கூடியது. நட்சத்திரத்தை இறக்கியவர் அப்பா என்பதால் அவரை அழைத்து, கயிறும் முடிச்சும் எப்படி இருந்தன என்று விசாரித்தார்கள். "நான் கவனிக்கல சார்" என்றார் அவர். மாமாவின் மேல் தப்பு சொல்ல ஆதாரம் இல்லாமல் போகவே, அவரே தொடரட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சொம்புக் கேலியையும் அப்பா விட்டுவிட்டார்.

எனக்குத்தான் குழப்பம். ஏணியில் ஏறி, தன் கையாலேயே அவிழ்த்த முடிச்சை ஒருவர் எப்படிக் கவனிக்காமல் இருக்க முடியும்? வளர்ந்த பிறகு இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் அதே பதில்தான். முடிச்சு நழுவியதா, இறுக்கமாகவே இருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.