குலவை போட்ட சேதி

"...சட்டை பூராவும் போயிருச்சு டாக்டரம்மா, கிட்ட வராதீங்க, நாறுது" என்றார் ஆத்தூர் விவசாயி, பச்சைப்பிள்ளையை ஏந்தியபடி. குடல் அடைப்போடு பிறந்த பிள்ளை அது. வெட்டித் தைத்தது நான்தான். பிள்ளை மலம் கழிக்கும்வரை குடல் வேலை செய்யுமா என்று எங்களுக்கும் நிச்சயமில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நினைப்பில் என் ஊர் நிலக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

என் தம்பியும் இப்படித்தான் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் அவனைப் பூ ஏற்றிப்போகும் வேனில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் முடிந்தும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் மதுரையிலிருந்து எங்கள் தெரு டீக்கடை போனுக்கு அப்பா பேசினார். கேட்டுவிட்டு போனை வைத்த அத்தை, நடுத்தெருவில் நின்று குலவை போட்டாள்.

"என்ன மதினி, எந்தப் புள்ள சடங்காயிருச்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

"எந்தம்பி மகன் வெளிக்கிருந்துட்டான்யா."

"அதுக்கா இம்புட்டுக் குலவை?"

"ஒனக்குத் தெனம் வருது. அதான் அருமை தெரியல."

கடையே சிரித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு குலவை போட்டாள். தெருவே கொண்டாடும்படி ஒரு பிள்ளையை வெளிக்குப் போகவைக்கிற டாக்டராக வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பொம்பளைப்பிள்ளைக்கு எதுக்குக் கத்தி என்றவர்களையெல்லாம் தாண்டி ஆகியும்விட்டேன்.

சட்டையை அலசிக்கொள்ளச் சொல்லி ஆத்தூர்க்காரருக்குக் குழாயைக் காட்டினேன். அவர் பிள்ளையை மனைவி மடியில் கொடுத்துவிட்டு, வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் அந்தச் சட்டையைக் காட்ட ஆரம்பித்தார்.